தடையின்றி மின்சாரம் ஓடும் ஒரே ஒரு தளம்

அடியில் ஆறு கரண்டி சர்க்கரை கொட்டிய காப்பி. அதன்மேல் மெல்ல ஊற்றிய, சர்க்கரையே போடாத காப்பி. கலக்காமல் அப்படியே வைத்துவிட்டோம். அடிப்பகுதி திகட்டும், மேற்பகுதி கசக்கும். ஆனால் இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய பகுதி, அளவான இனிப்போடு இருக்கும் அன்றோ?

காப்பியில் நடப்பது ஒரு திடப்பொருளில் நடந்தால்? 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இவான் போசோவிச் என்பவரின் குழுவினர் இரண்டு பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒன்று, மின்சாரத்தை அறவே கடத்தாத காப்பான். மற்றொன்று, உலோகத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் எவ்வளவு குளிரவைத்தாலும் மின்தடையை இழக்காத பொருள். இரண்டும் தனித்தனியே மீக்கடத்திகள் அல்ல. ஆனால் சேர்த்து அடுக்கியதும் அவை சந்திக்கும் இடத்தில் மின்தடை முழுவதும் மறைந்துபோயிற்று.

இது எப்படி நேர்ந்தது? மீக்கடத்துத்திறன் அந்த அடுக்கில் எங்கே ஒளிந்திருந்தது? அணுக்களின் கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்குக்குள் புகுந்து அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மின்தடை மறையும் குளிர்

செம்புக் கம்பியில் மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்களோடு மோதி ஆற்றலை இழக்கின்றன. அதனால்தான் கம்பி சூடாகிறது. இதையே மின்தடை என்கிறோம்.

1911-இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் என்ற அறிஞர் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தார். சுமார் 4.2 கெல்வினில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியசில், பாதரசத்தின் மின்தடை சட்டென்று மறைந்தது. குறைந்தது அல்ல, மறைந்தது! அந்த நிலைக்கு மீக்கடத்துத்திறன் என்று பெயர். அது தோன்றும் வெப்பநிலை மாறுநிலை வெப்பநிலை எனப்படும். 1933-இல் மெய்ஸ்னர், ஆக்சன்ஃபெல்டு என்ற இருவர் மற்றொரு பண்பையும் கண்டார்கள்: மீக்கடத்தி தன்னுள்ளே இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது.

ஒரு பொருளை மீக்கடத்தி என்று ஒப்புக்கொள்ள இவ்விரு சாட்சிகளும் வேண்டும். 2023-இல் அறை வெப்பநிலையிலேயே ஒரு பொருள் மீக்கடத்தியாகிறது என்ற செய்தி தென் கொரியாவிலிருந்து வந்து உலகமெங்கும் பரவியது. இந்தியா உட்படப் பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் செய்து சோதித்தன. சாட்சிகள் தேறவில்லை, செய்தியும் அடங்கிவிட்டது.

1911-க்குப் பின் 75 ஆண்டுகள் உலோகங்களையும் உலோகக் கலவைகளையும் துருவித் தேடியும் மாறுநிலை வெப்பநிலை சுமார் 23 கெல்வினைத் தாண்டவில்லை. 1986-இல் சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னோர்ஸ், முல்லர் என்ற இருவர் யாரும் எதிர்பாராத இடத்தில் தேடினார்கள். லாந்தனம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு மண்பாண்டம் போன்ற பொருள் சுமார் 30 கெல்வினிலேயே மீக்கடத்தியாகத் தொடங்குவதைக் கண்டார்கள். மறு ஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1987 தொடக்கத்தில் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியத்தைச் சேர்த்த தாமிர ஆக்சைடு 90 கெல்வினைத் தாண்டியது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிப்பது. ஆகவே, அரிய ஹீலியம் இன்றி, எளிதில் கிடைக்கும் நைட்ரஜனைக் கொண்டே மீக்கடத்தியைக் காட்டலாம் என்ற நிலை வந்துவிட்டது.

அந்த ஆண்டு நம் நாட்டு ஆய்வகங்களிலும் இரவு பகல் பாராமல் உலைகள் எரிந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவ் குழுவினர், இட்ரியம் கலவையில் எந்தச் சேர்மம் மீக்கடத்தி என்பதை இனங்கண்டு 1987-இலேயே வெளியிட்டார்கள். லாந்தனம் தாமிர ஆக்சைடு போன்ற அடுக்கு ஆக்சைடுகளை அவர்கள் 1970-களிலேயே ஆராய்ந்தவர்கள். நம் மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்த ஆக்சைடுகளைப் பற்றிய ஆய்வுகள் நடந்தன. அங்கு நடந்த ஒன்றைப் பிறகு பார்ப்போம்.

புள்ளிக்கோலமும் மாடி வீடும்

தாமிர ஆக்சைடின் அமைப்பை அறிய ஒரு கோலம் போடுவோம். வரிசைக்கு ஐந்து புள்ளி, ஐந்து வரிசை. புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு தாமிர அணு. இப்போது அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, இடமும் வலமும் மேலும் கீழும், ஒரு சிறு வட்டம் இடுங்கள். அது ஆக்சிஜன் அணு. ஒவ்வொரு தாமிரத்தையும் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் இருக்கும்; ஆனால் ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு தாமிரங்களுக்குப் பொது. எனவே கணக்குப்படி ஒரு தாமிரத்துக்கு இரண்டு ஆக்சிஜன். இதுதான் தாமிர ஆக்சிஜன் தளம். தடையற்ற மின்னோட்டம் நடைபெறும் மேடை இதுவே.

இந்தத் தளத்துக்கு மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு, லாந்தனமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. ஒரு தளமும் இரண்டு லாந்தன அடுக்கும் சேர்த்தால் இரண்டு லாந்தனம், ஒரு தாமிரம், நான்கு ஆக்சிஜன். லாந்தனம் தாமிர ஆக்சைடின் வாய்பாடு அதுதான். இப்படியே மாடிமேல் மாடியாகப் படிகம் எழுகிறது. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடைவெளி சுமார் 6.6 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாமிர அணுவுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் லாந்தன அடுக்கைச் சேர்ந்த ஓர் ஆக்சிஜன் இருக்கும். இதை உச்சி ஆக்சிஜன் என்பார்கள். தளத்துக்குள் தாமிரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம் 1.9 ஆங்ஸ்ட்ராம்; உச்சி ஆக்சிஜனோ சுமார் 2.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கிறது. இந்த உச்சி ஆக்சிஜன் நம் கதையில் திரும்பவும் வரும்.

இடம் காலியானால்தான் நகரலாம்

லாந்தனம் தாமிர ஆக்சைடில் ஒவ்வொரு தாமிரத்திடமும் நகரக்கூடிய எலக்ட்ரான் ஒன்று உண்டு. பிறகு ஏன் அது மின்சாரத்தைக் கடத்துவதில்லை?

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலை எண்ணிப் பாருங்கள். எல்லா இருக்கையிலும் ஆள். ஓர் இருக்கையில் இருவர் உட்கார முடியாது. எல்லோருக்கும் ஆசை இருந்தாலும் ஒருவரும் இடம் மாற முடியாது. அதுபோல, ஒரு தாமிர அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் அவற்றின் விலக்கு விசை மிக அதிகம். ஆகவே ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. பொருள் காப்பானாகிறது.

கூடுவாஞ்சேரியில் சிலர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலி இருக்கைகள் தோன்றுகின்றன. பக்கத்தில் இருப்பவர் ஜன்னலோரம் நகர்கிறார்; அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். பார்ப்பவர் கண்ணுக்குக் காலி இடமே பெட்டியில் நகர்வதுபோலத் தோன்றும். இயற்பியலில் இதற்குத் துளை என்று பெயர்.

துளையை உண்டாக்குவது எப்படி? லாந்தன அயனிக்கு மின்சுமை 3. ஸ்ட்ரான்ஷிய அயனிக்கு 2. ஒரு லாந்தனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்ட்ரான்ஷியத்தை வைத்தால் தளத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் குறைகிறது. அதாவது ஒரு துளை பிறக்கிறது. 100 தாமிரத்துக்குச் சுமார் 15 அல்லது 16 துளை இருக்கும்போது மீக்கடத்துத்திறன் உச்சத்தில் நிற்கிறது. மாறுநிலை வெப்பநிலை 40 கெல்வினை நெருங்குகிறது. துளை அதைவிடக் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. 45 துளை வந்துவிட்டால் பொருள் வெறும் உலோகமாகிவிடும். மீக்கடத்துத்திறன் அறவே போய்விடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கேயும் பொருந்துகிறது.

அணுவை எண்ணி அடுக்கும் கொத்தனார்

இப்போது புரூக்ஹேவன் சோதனைக்கு வருவோம். துளையே இல்லாத லாந்தனம் தாமிர ஆக்சைடு ஒரு பொருள். 100-க்கு 45 துளை கொண்ட உலோகம் மற்றொன்று. ஒன்றில் சர்க்கரை இல்லை. மற்றொன்றில் திகட்டும் அளவு.

இவற்றைப் பொடிசெய்து கலந்தால் பயனில்லை. ஒவ்வொரு தளமாக, ஒரு கொத்தனார் செங்கல் வரிசை வைப்பதுபோல வளர்க்க வேண்டும். அதற்கான கருவி, காற்றை அறவே வெளியேற்றிய ஓர் எஃகுக் கலம். அதன் சுவரில் லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், தாமிரம் ஆகியவற்றைச் சூடாக்கும் சிறு அடுப்புகள். ஒவ்வோர் அடுப்புக்கும் திறந்து மூடும் கதவு உண்டு. கதவு திறந்தால் அந்தத் தனிமத்தின் அணுக்கள் கற்றையாகப் பாய்ந்து, நடுவே சூடாக வைத்திருக்கும் ஒரு படிகத் தகட்டின்மேல் படியும். ஆக்சிஜனைத் தருவதற்கு ஓசோன் செலுத்தப்படும். எந்தக் கதவு எத்தனை வினாடி திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும். மேற்பரப்பில் சாய்வாக ஓர் எலக்ட்ரான் கற்றையைப் பட்டுத் தெறிக்கவிட்டு, ஒரு வரிசை நிறைந்ததா என்பதை அவ்வப்போதே அறிந்துகொள்வார்கள். இப்படி வளரும் படலத்துக்கு மென்படலம் என்று பெயர். இரு வேறு மென்படலங்கள் சந்திக்கும் பரப்பே இடைமுகம்.

இவ்வாறு உருவான இரட்டைப் படலத்தைக் குளிரவைத்தபோது மின்தடை மறைந்தது. எது கீழே, எது மேலே என்ற வரிசையைப் பொறுத்து மாறுநிலை வெப்பநிலை சுமார் 15 கெல்வினாகவோ 30 கெல்வினாகவோ இருந்தது. படலத்தை ஓசோனில் காட்டியபோது 50 கெல்வினையும் தாண்டியது!

காரணம் நமக்கு ஓரளவு புரிகிறது. நெரிசலான பெட்டியும் காலிப் பெட்டியும் அடுத்தடுத்து இருந்து, நடுவே வழியும் இருந்தால் என்ன ஆகும்? நெரிசலில் நிற்பவர்கள் காலி இடம் நோக்கி நகர்வார்கள். அதுபோல் காப்பானிலிருந்து சில எலக்ட்ரான்கள் உலோகப் பக்கம் போகின்றன. அதாவது துளைகள் உலோகத்திலிருந்து காப்பானுக்குள் கசிகின்றன. ஆனால் அவை வெகுதூரம் போக முடியாது. மின்சுமை பிரியப் பிரிய, பிரிந்த சுமைகளுக்கிடையே கவர்ச்சி விசை எழுந்து இழுத்துப் பிடிக்கும். ஆகவே விளைவு இடைமுகத்தை ஒட்டி 2 அல்லது 3 நானோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே மட்டும் அளவான இனிப்பு!

கலப்படம் என்ற சந்தேகம்

நல்ல மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "ஐயா, எலக்ட்ரான் நகர்ந்தது என்கிறீர்கள். ஸ்ட்ரான்ஷிய அணுக்களே எல்லை தாண்டிக் கலந்துவிட்டிருக்கலாம் அல்லவா? அப்படியானால் இடைமுகத்தில் இருப்பது பழைய மீக்கடத்திக் கலவைதானே? இதில் புதுமை என்ன?"

மிகச் சரியான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முடிவை வெளியிட்டிருந்தால் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆய்வாளர்கள் படலத்தைக் குறுக்கே அறுத்து, அணுக்களைத் தனித்தனியே காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எல்லை கூர்மையாகவே இருந்தது; அணுக்களின் கலப்பு மிகக் குறுகிய தூரத்தோடு நின்றிருந்தது. மேலும், ஓசோன் ஊட்டிய இரட்டைப் படலத்தின் 50 கெல்வின், அதேபோல் ஓசோன் ஊட்டிய தனிப் படலத்தின் மாறுநிலை வெப்பநிலையைவிட அதிகம். இடைமுகம் தன் பங்குக்கு எதையோ கூட்டித் தருகிறது என்பது தெளிவு.

பன்னிரண்டு தளங்களில் எது?

அடுத்த ஆண்டு, 2009-இல், அதே குழுவினர் இன்னும் நுட்பமான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். மீக்கடத்துத்திறன் எத்தனை தளங்களில் பரவியிருக்கிறது? குறைந்த அளவு எத்தனை தளம் போதும்?

ஒவ்வொரு படலமும் மூன்று அலகுக் கூடு கனம். ஒரு கூட்டில் இரண்டு தளம். ஆக, உலோகத்தில் ஆறு, காப்பானில் ஆறு, மொத்தம் பன்னிரண்டு தளம். எல்லாம் சேர்ந்து 8 நானோமீட்டர் உயரம். நம் தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

வீட்டில் எந்த ஃபியூஸ் கட்டை எந்த அறைக்கு என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம். எதைப் பிடுங்கினால் விளக்கு அணைகிறதோ அதுவே அந்த அறையின் ஃபியூஸ். ஆய்வாளர்களும் அதையே செய்தார்கள். அவர்களுக்கு உதவிய பொருள் துத்தநாகம். துத்தநாக அயனியின் மின்சுமை தாமிர அயனியின் சுமைக்குச் சமம். ஆகவே தாமிரத்தின் இடத்தில் அது அமர்ந்தாலும் துளைகளின் எண்ணிக்கை மாறாது. ஆனால் அது இருக்கும் தளத்தில் மீக்கடத்துத்திறன் நலிந்துவிடும். ஃபியூஸைப் பிடுங்கினாற்போலத்தான்!

ஒரு படலத்தில் ஒரு தளத்தில் மட்டும் சிறிது துத்தநாகம். அடுத்த படலத்தில் வேறு தளத்தில். இப்படித் தளம் தளமாக மாற்றி அளந்தார்கள். பெரும்பாலான தளங்களில் துத்தநாகம் இருந்தும் மாறுநிலை வெப்பநிலை பெரிதாக மாறவில்லை. காப்பான் பக்கத்தில், இடைமுகத்திலிருந்து இரண்டாவது தளத்தில் வைத்தபோதுதான் அது சடாரென்று இறங்கியது. குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான்! 30 கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் தடையற்ற மின்னோட்டத்தைத் தாங்கியது அந்த ஒரே ஒரு தளம்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். தாமிர ஆக்சைடில் உயர்வெப்ப மீக்கடத்துத்திறனுக்குக் கனமான படிகம் தேவையில்லை. மேலும் கீழும் உள்ள தளங்களின் கூட்டுறவும் கட்டாயமில்லை. நாம் போட்ட புள்ளிக்கோலம் ஒன்றே போதும்.

எக்ஸ் கதிர் சொல்லாமல் விடும் பாதி

இனி அணுக்களின் இருப்பிடத்துக்கு வருவோம். துளைகள் நகர்ந்தது சரி; அணுக்கள் தம் இடத்திலேயே இருந்தனவா?

அணுக்களின் இடத்தை அறிய எக்ஸ் கதிர்களை நாடுகிறோம். இரவில் கறுப்புக் குடைத் துணியினூடே தொலைவில் உள்ள தெருவிளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு சிலுவைபோல் வரிசையாகப் பல ஒளிப் புள்ளிகளாகத் தெரியும். நெருக்கமான நூல்களால் ஏற்படும் விளிம்பு விளைவு அது. எக்ஸ் கதிருக்குப் படிகத்தின் அணு வரிசைகளே குடைத் துணி. விழும் புள்ளிகளைக் கொண்டு அணு வரிசையைக் கணக்கிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அலைக்கு இரண்டு செய்திகள்: வீச்சு, கட்டம். ஒளிப் புள்ளி எவ்வளவு பிரகாசம் என்பதிலிருந்து வீச்சு தெரியும். அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பதைக் கருவி பதிவுசெய்வதில்லை. பாதிச் செய்தி தொலைந்துபோகிறது. தொலைந்த பாதியே முக்கியமானது என்பதை அழகாகக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும். 1961-இல் அவர்கள் ஒரு படிகத்தின் வீச்சுகளையும் வேறொரு படிகத்தின் கட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கிடைத்த படம் எதைக் காட்டியது தெரியுமா? கட்டங்களைத் தந்த படிகத்தின் அணுக்களை!

மென்படலத்தின் கட்டத்தை அறிய ஒரு வழி இருக்கிறது. சுருதி தெரியாத பாட்டை, சுருதி சேர்த்த தம்புராவோடு கேட்டால் அது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது புலப்படும். மென்படலத்துக்கு அடியில் உள்ள படிகத் தகட்டின் அமைப்பு நமக்கு முன்பே துல்லியமாகத் தெரியும். அதிலிருந்து வரும் அலையே தம்புரா. படலத்திலிருந்து வரும் அலை அதோடு குறுக்கிடுகிறது. குறுக்கீட்டின் ஏற்ற இறக்கத்தைக் கணிப்பொறியில் இட்டுப் படலத்தின் கட்டத்தை மீட்கிறார்கள். இஸ்ரேல் நாட்டு யிட்சாக் யகோபி வளர்த்த முறை இது. இதற்கு மிகச் செறிவான எக்ஸ் கதிர் வேண்டும். எலக்ட்ரான்களைப் பெரிய வளையத்தில் சுழலவிடும் சின்க்ரோட்ரான் என்னும் எந்திரமே அதைத் தரும். நம் நாட்டிலும் இந்தூரில் இன்டஸ்-2 என்ற சின்க்ரோட்ரான் இருக்கிறது.

2010-இல் ஹுவா ஷோ, யகோபி, போசோவிச் முதலியோர் நம் இரட்டைப் படலத்தை இம்முறையில் ஆராய்ந்தார்கள். தனிப் படலத்தில் தாமிரத்துக்கும் உச்சி ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. இரட்டைப் படலத்திலோ இடைமுகத்திலிருந்து மேற்பரப்பை நோக்கிப் போகப்போக அந்தத் தூரம் கூடிக்கொண்டே போயிற்று, 0.45 ஆங்ஸ்ட்ராம் வரை! 2.4 ஆங்ஸ்ட்ராமில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அணுக்களின் உலகில் இது சாதாரண நகர்வு அன்று.

உச்சி ஆக்சிஜனுக்கும் மாறுநிலை வெப்பநிலைக்கும் தொடர்பு இருப்பது வேறு சேர்மங்களிலும் தெரிகிறது. ஒற்றைத் தளம் கொண்ட பாதரசத் தாமிர ஆக்சைடில் அந்தத் தூரம் சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம், மாறுநிலை வெப்பநிலையோ சுமார் 95 கெல்வின். தூரம் கூடினால் வெப்பநிலை கூடுகிறதா? அல்லது இரண்டையும் வேறொன்று ஆட்டிவைக்கிறதா? இரண்டு ஒன்றாக நிகழ்வதால் ஒன்று மற்றதன் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

கல்பாக்கத்துப் பாசிட்ரான்

அடுக்குகளுக்குள் எலக்ட்ரான்களின் பங்கீடு மாறுவதை அறிய வேறு ஒரு வழியும் உண்டு. அதைக் கையாண்டவர்கள் கல்பாக்கம் விஞ்ஞானிகள்.

பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள். நிறை அதே, மின்சுமை மட்டும் நேர். பொருளுக்குள் நுழைந்த பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து காமாக் கதிர்களாகின்றன. எலக்ட்ரான் நெருக்கம் அதிகமான இடத்தில் அதன் ஆயுள் குறைவு. நெருக்கம் குறைந்த இடத்தில் ஆயுள் அதிகம். அந்த ஆயுளோ ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு! அதை அளந்தால் எலக்ட்ரான்களின் நெருக்கத்தை அறியலாம்.

1980-களின் இறுதியிலிருந்து தாமிர ஆக்சைடுகளில் இச்சோதனை கல்பாக்கத்தில் நடந்தது. மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே பாசிட்ரானின் ஆயுள் சில சேர்மங்களில் ஒரு விதமாகவும் வேறு சிலவற்றில் மற்றொரு விதமாகவும் மாறியது. பாசிட்ரான் எந்த அடுக்கில் தங்க விரும்புகிறது என்பதைக் கணக்கிட்டபோதுதான் புதிர் விடுபட்டது. அது தங்கும் அடுக்கின் செய்தியைத்தான் சொல்லும். வீட்டு மாடியில் நடந்ததைக் கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டால் எப்படித் தெரியும்?

கல்பாக்கத்தில் மீக்கடத்திகளைக் கொண்டு ஸ்க்விட் என்னும் கருவியும் செய்தார்கள். இரண்டு நியோபிய மென்படலங்களுக்கு நடுவே சில நானோமீட்டர் கனமே உள்ள அலுமினிய ஆக்சைடு. இதுவும் இடைமுகங்களின் வித்தையே. நம் மூளையில் எழும் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் பல கோடியில் ஒரு பங்கு. அதையும் இக்கருவி அளந்துவிடும். இதயத்தின், மூளையின் காந்தப்புலங்களை அளக்கும் அமைப்புகள் அங்கேயே உருவாக்கப்பட்டன.

ஆனால் நியோபியம் மீக்கடத்தியாவது சுமார் 9 கெல்வினில். அதற்குத் திரவ ஹீலியம் வேண்டும். மருத்துவமனையில் உள்ள எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் காந்தத்துக்கும் பெரும்பாலும் அதுவே வேண்டும். ஹீலியத்தை நாம் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறோம், விலையும் அதிகம். உயர்வெப்ப மீக்கடத்தியை விரும்பியபடி வடிவமைக்க முடிந்தால் இந்தச் செலவு குறையும். சிறிய ஊர் மருத்துவமனைக்கும் இக்கருவிகள் வரும். ஒரே தளத்தில் மீக்கடத்துத்திறனை வரவழைக்கவும் நிறுத்தவும் முடியும் என்பது அந்த வழியில் ஒரு படி.

இன்னும் விடை காணாத கேள்வி

1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரிஃபர் ஆகிய மூவர், பழைய மீக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்வதை விளக்கினார்கள். அணுக்களின் அதிர்வே அங்கே இணைத்துவைக்கும் தரகர். தாமிர ஆக்சைடிலும் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன. ஆனால் தரகர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் உடன்பாடு இல்லை. பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன், 1987-இல் நோபல் அறிஞர் ஆண்டர்சனுடன் சேர்ந்து ஒரு கொள்கையை வளர்த்தார். காப்பானாக இருக்கும்போதே எலக்ட்ரான்கள் பக்கத்து வீட்டாரோடு ஜோடி சேர்ந்து, ஜோடிகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. துளைகள் வந்ததும் அந்த ஜோடிகள் நகரும் உரிமை பெறுகின்றன என்பது அதன் சாரம். இதை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு.

மாற்றுக் கொள்கைகளுள் எது சரி என்பதைத் தீர்க்க, எந்தத் தளத்தில் எத்தனை துளை, உச்சி ஆக்சிஜன் எவ்வளவு தூரம் என்ற இரண்டையும் தனித்தனியே மாற்றிப் பார்க்க வேண்டும். பொடி செய்து உலையில் சுட்ட பொருளில் இது முடியாது. அணு அணுவாக அடுக்கிய இடைமுகத்தில் முடியும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. 100 தாமிரத்துக்கு 45 துளை கொண்ட ஒரு தளமும், துளையே இல்லாத ஒரு தளமும் தம்மிடையே துளைகளைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றிலும் எத்தனை? உலோகத் தளம் ஒன்று, காப்பான் தளங்கள் இரண்டு என்றால் எத்தனை? இவற்றில் எது மீக்கடத்திக்கு உகந்த 15-ஐத் தொடுகிறது? இயற்கை இப்படிச் சமமாகப் பங்கிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தாளில் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு தளங்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் அந்த நல்ல பங்கு வாய்த்தது என்பதை யோசிக்க அது ஒரு நல்ல தொடக்கம்.